தம்பிக்கு ஸ்கிசோபிரினியா என்று சொல்லிவிட்டார்கள். ஏன் வந்தது, மாறுமா?

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிக்கு 22 வயது. சில மாதங்களாக ஒருவரோடும் கதைக்காமல் ஒதுங்கி இருந்தார். பிறகு யாரோ தன்னைப் பற்றிக் கதைப்பது கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினார். வார்டில் இருந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். இது என்ன நோய், ஏன் வந்தது, மருந்து எவ்வளவு காலம், கலியாணம் கட்டி வைத்தால் சரியாகும் என்று சொந்தக்காரர் சொல்வது உண்மையா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் டொக்டர் இல்லை. என் அண்ணாவுக்கு இதே நோய். அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், கிளினிக்குக்கும் நான்தான் கூட்டிப் போகிறேன். டொக்டர்மார், நேர்ஸ்மாரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை எழுதுகிறேன். தம்பியின் மருந்து பற்றிய முடிவு அவருடைய டொக்டருடையது.

தமிழில் மனச்சிதைவு நோய் என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். ஆண்களுக்குக் கொஞ்சம் முந்தி, பெண்களுக்குக் கொஞ்சம் பிந்தி. படங்களில் காட்டுவதுபோல ஒருவர் இரண்டு ஆளாக மாறுவது இந்த நோய் அல்ல.

எல்லோருக்கும் முதலில் தெரிவது குரல்கள். என் அண்ணா நடுச்சாமத்தில் என்னை எழுப்பி, "அவங்கள் கதைக்கிறது உனக்குக் கேக்கேல்லையே?" என்று கேட்பார். அது கற்பனை, நினைக்காமல் விடு என்று சொல்வதில் பயன் இல்லை. குரல் கேட்கும் நேரத்தில் பேச்சோடும் கேட்டலோடும் தொடர்புள்ள மூளைப் பகுதிகள் இயங்குவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு அது காதில் விழும் சத்தம்தான். கோயில் திருவிழாவின் லவுட்ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டுப் புத்தகத்தைப் படி என்றால் யாரால் படிக்க முடியும்? தம்பி சோதனையில் கோட்டை விட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள், அதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது அசைக்க முடியாத நம்பிக்கைகள். தன்னைப் பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள், ரிவியில் செய்தி வாசிப்பவர் தனக்குத்தான் குறிப்புச் சொல்கிறார் என்பது போன்றவை. எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிஐடி வீட்டுக்கு வருவதும் பெடியள் காணாமல் போவதும் உண்மையாகவே நடந்த இடம் இது. அண்ணா "என்னை ஆள் வைச்சுப் பாக்கிறாங்கள்" என்று முதலில் சொன்னபோது வீட்டில் எல்லோரும் பயந்தோமே தவிர ஒருவருக்கும் நோய் என்று தோன்றவில்லை. அப்படித் தோன்றாததும் இயல்பு. அந்தப் பயம் எப்படி வளர்கிறது என்பதைத்தான் டொக்டர் பார்க்கிறார். பின்தொடர்பவர்களோடு பக்கத்து வீட்டு நாயும் பஸ்ஸின் இலக்கத்தகடும் சேர்ந்துகொண்டால், மாறாக என்ன ஆதாரம் காட்டினாலும் அதுவும் சதியின் ஒரு பகுதி ஆகிவிட்டால், அது வேறு. வாதாடி வெல்ல முயலாதீர்கள். "எனக்குக் கேக்கேல்லை, ஆனா உனக்குப் பயமா இருக்கிறது எனக்கு விளங்குது" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யும் இல்லை, அவரைத் தனியாக விடவும் இல்லை.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது. மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் குரல்கள் குறையும். வீடு மூச்சு விடும். அதற்குப் பிறகு வரும் காலம்தான் பல குடும்பங்களை உடைக்கிறது. ஆள் எழும்பமாட்டார், குளிக்கமாட்டார். பக்கத்தில் இருந்து கதைத்தால் "ம்" என்பதோடு முடிந்துவிடும். சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. நண்பன் வந்தால் அறைக்குள் போய்விடுவார். அப்போது வீடு ஒரு பெயர் வைக்கும்: பஞ்சி. "இப்பதான் சுகமாயிட்டுதே, பிறகேன் படுத்துக் கிடக்கிறான்?"

அது பஞ்சி அல்ல. ஊக்கம், உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சு, மற்றவரோடு சேரும் விருப்பம் இவையெல்லாம் வற்றிப் போவதும் இந்த நோயின் அறிகுறிதான். குரல்கள் நோய் கூட்டிச் சேர்த்தவை. இது நோய் எடுத்துக்கொண்டு போனது. இன்றைய மருந்துகள் முதலாவதை நன்றாகக் கட்டுப்படுத்தும், இரண்டாவதில் அவ்வளவாக வேலை செய்யாது. இதோடு நினைவும் கவனமும் திட்டமிடும் திறனும் மந்தமாகும். ஒரே நேரத்தில் மூன்று வேலை சொன்னால் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுதான். மருந்தின் தூக்கமும் மனச்சோர்வும்கூட இதேபோலத் தெரியும் என்பதால், இவற்றில் எது என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அவை இரண்டும் மாற்றக்கூடியவை.

லண்டனில் ஜோர்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் 1950களில் தொடங்கிச் செய்த ஆய்வுகள் இந்த இடத்தில் முக்கியம். ஆஸ்பத்திரியால் வீட்டுக்குப் போனவர்களில் யாருக்கு நோய் திரும்பி வருகிறது என்று பார்த்தார்கள். ஓயாமல் குறை சொல்கிற, வெறுப்புக் காட்டுகிற, அல்லது அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாக்கிற வீடுகளுக்குப் போனவர்களுக்கு அதிகமாகத் திரும்பியது. பின்னர் சண்டிகரில் செய்த ஆய்வில், அப்படியான குடும்பங்கள் லண்டனைவிட அங்கே குறைவு என்று கண்டார்கள். தயவுசெய்து இதைப் பிழையாக எடுக்காதீர்கள். குடும்பத்தால் நோய் வருவதில்லை. அம்மா வளர்த்த விதத்தால் வந்தது என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது, அது தாய்மாருக்குச் செய்த பெரிய கொடுமை. நோய் வந்த பிறகு வீட்டின் பேச்சு மருந்துக்குத் துணை நிற்கும் என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டில் அண்ணாவுக்குக் காலையில் ஒரு வேலை மட்டும், பூக்கண்டுகளுக்குத் தண்ணீர் விடுவது. செய்தால் "நல்லது" என்போம். செய்யாத நாளில் ஒன்றும் சொல்வதில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவராகவே சந்தைக்குப் போகத் தொடங்கினார்.

சரி, ஏன் வந்தது? ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் விதி அல்ல. ஒரே உருவமுள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவுதான். நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கலாம், நானே சொல்கிறேன்: கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பத்தில் ஒன்று. இதைத் தவிர, தாயின் வயிற்றிலும் பிரசவத்திலும் வந்த சிக்கல்கள், சிறுவயதுத் துன்பங்கள், கஞ்சா. பதின்வயதில் கடும் கஞ்சா பிடிப்பது ஆபத்தை நன்றாகக் கூட்டும். கேரளக் கஞ்சா பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும் கரையோரத்தில் இருக்கிறோம், அதனால் தம்பியிடம் சண்டை பிடிக்காமல் இதைக் கேட்டறிந்து டொக்டரிடம் சொல்லுங்கள். மூளைக்குள் டோபமின் என்ற இரசாயனத்தின் சமநிலை குழம்புகிறது என்பது ஓரளவு தெளிவு. அதனால்தான் ஒன்றுமில்லாத விஷயமெல்லாம் பெரும் அர்த்தத்தோடு தெரிகிறது.

போர்தான் காரணம் என்று சொல்பவர்கள் பலர். என் அண்ணா 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சின்னப் பிள்ளை. அன்று அதே பாதையால் தென்மராட்சிக்கு நடந்த லட்சக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வரவில்லை. நெருக்கடி, நோய்க்குச் சாய்வு உள்ள ஒருவரைத் தள்ளிவிடலாம். அதற்கு மேல் சொல்ல நான் தயாரில்லை.

செய்வினை என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் பெரியம்மா நூல் கட்டுவித்தார், சந்நிதியானுக்கு நேர்த்தியும் வைத்தார். கோயிலுக்குப் போவதை நான் ஒருபோதும் தடுக்கமாட்டேன், அம்மாவைத் தாங்கிப் பிடித்தது அதுதான். குளிசையை நிறுத்தச் சொல்லும், பட்டினி போடும், அடிக்கும், புகை போடும் ஆட்களிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். இன்னொரு கதையும் வரும். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளையும் ஊர் விசரன் என்றுதானே சொன்னது, இதுவும் ஒரு நிலையாக இருக்கலாம் என்பார்கள். ஞானியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். பயத்தில் நடுங்கி, சாப்பிடாமல், நித்திரை இல்லாமல் இருக்கும் 22 வயதுப் பிள்ளைக்கு வேண்டியது வைத்தியம்.

வைத்தியத்தின் அடிப்படை மருந்துதான். 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் பயனுக்கு வரும்வரை, இந்த நோயாளிகளுக்கு நீண்டகால அடைப்பைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்றவை பரவலாக உள்ளன. தினமும் குளிசை எடுக்கச் சிரமப்படுபவர்களுக்குச் சில கிழமைகளுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும் பலன் இல்லாவிட்டால் குளோசபின். அது வெள்ளை இரத்த அணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால் தொடக்கத்தில் கிழமைக்கு ஒருமுறை இரத்தம் சோதிப்பார்கள். அந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. அதில் மலச்சிக்கலும் சின்ன விஷயம் அல்ல, உடனே சொல்ல வேண்டும்.

பக்க விளைவுகள் உண்மை. கை நடுக்கம், உடல் இறுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, தூக்கம், எடை கூடுதல், சீனி வியாதி. சொன்னால் டொக்டர் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், அல்லது வேறு ஒன்று சேர்ப்பார். சொல்லாமல் குளிசையைக் கட்டிலுக்குக் கீழே போடுவதுதான் ஆபத்து. இந்த நோயாளிகள் மற்றவர்களைவிட இளவயதில் இறப்பதற்கு இதய நோயும் சீனியும் பெரிய காரணங்கள், ஆகவே எடை, இரத்த அழுத்தம், சீனி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிகரெட் பிடிப்பவர் திடீரென விட்டால் ஓலன்சபின், குளோசபின் அளவு இரத்தத்தில் ஏறும். விடுவது நல்லதுதான், டொக்டருக்குச் சொல்லிவிட்டு விட வேண்டும்.

எவ்வளவு காலம்? முதல் தடவை என்றால், குணமான பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் தொடரச் சொல்வார்கள். அதன் பிறகு குறைப்பதென்றால் டொக்டரின் கண்காணிப்பில், மெதுவாக. பல தடவை வந்தவர்களுக்கு நீண்ட காலம் தேவைப்படும். சுகமாகிவிட்டது என்று தாமாகவே நிறுத்தியவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வருடங்களுக்குள் திரும்பி வருகிறது. நன்றாகக் குணமாகுபவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது மூன்றில் ஒருவர் முழுமையாகத் தேறலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் அறிகுறிக்கும் வைத்தியத்துக்கும் இடையில் காலம் குறைவாக இருந்தால் தேறும் வாய்ப்பு கூடும். நீங்கள் ஒரு வருடத்துக்குள் கொண்டுபோயிருக்கிறீர்கள், அது நல்ல விஷயம்.

இதற்காகக் கொழும்புக்கு, அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. உங்களுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி கிட்ட, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இரண்டிலும் வைத்தியம் இலவசம். போர்க்காலத்திலேயே இங்கே மனநல சேவையைக் கட்டி எழுப்பியவர்களில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஒருவர். அந்த உழைப்பின் பலனை நாங்கள் இப்போது அனுபவிக்கிறோம். 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாட்டினால் ஒன்று சொல்கிறேன்: கையில் இருப்பது முடியும் நாள்வரை பார்த்துக்கொண்டிராமல் ஒரு கிழமை முன்னரே போய்விடுங்கள்.

அவர் ஆருக்கும் ஏதும் செய்துவிடுவாரோ என்று அயல் பயப்படும். பெரும்பாலான நோயாளிகள் யாருக்கும் தீங்கு செய்வதில்லை, மற்றவர்களிடம் அடி வாங்குவதுதான் அதிகம். நான் பயப்படுவது தற்கொலையை நினைத்து. வார்டால் வந்து, தனக்கு என்ன நடந்தது என்று விளங்கத் தொடங்கும் இந்த மாதங்களில் மனம் உடையலாம். "சாகவேணும் எண்டு யோசனை வருகுதா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. வருகிறது என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

கலியாணம் இந்த நோய்க்கு மருந்து அல்ல. நோயை மறைத்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மறைப்பதற்காகக் குளிசையை நிறுத்துவார்கள், அதனால் நோயும் திரும்பும். தம்பி தேறி, தானே விரும்பி, வருபவருக்கு எல்லாம் தெரிந்திருந்தால் அது வேறு கதை. அப்படி நல்லபடி குடும்பம் நடத்துபவர்களைக் கிளினிக்கில் சந்தித்திருக்கிறேன். ஆனால் அதற்கு இப்போது அவசரம் என்ன?

இப்போதைக்கு அவருடைய படிப்பைப் பாருங்கள். கவலையில் விலகல் கடிதம் ஏதும் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவச் சான்றிதழை வைத்துச் சோதனையைத் தள்ளிப்போட முடியுமா என்று பீடத்தில் கேளுங்கள். கிளினிக் டொக்டரிடம் இந்தக் கிழமையே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், தாமதமானால் அலைச்சல் கூடும்.