அருகிவரும் கெலா என்ற மலேசிய ஆற்று மீனை மீட்க ஆற்றில் குஞ்சு விட்டால் போதாதா?

மீட்புத் திட்டம் என்றால், மீன் ஏன் குறைந்தது என்று கண்டறிந்து, அந்தக் காரணத்தை முதலில் நீக்கி, அது தானாகவே இனம் பெருக்கும்படி ஆற்றைச் சரிசெய்வது. குஞ்சு விடுவது கடைசி வேலை.

கெலா தெளிந்த ஓடுநீரில், கூழாங்கல் படுகையில் முட்டையிடும். கல்லிடுக்கில் ஓடும் நீர்தான் முட்டைக்குப் பிராணவாயு. செம்பனை (எண்ணெய்ப்பனை) மறுநடவுக்கு மண்ணைக் கிளறிய கையோடு பெருமழை பெய்தால், சேறு அந்த இடுக்கை அடைத்துவிடும். முட்டை மூச்சுமுட்டிச் சாகும். படுகையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியிலிருந்து சேறு புகையாய்க் கிளம்பினால், அங்கே குஞ்சு விடுவது வடிகால் வெட்டாத சதுப்பில் ரப்பர் கன்று நடுவது மாதிரி.

அதனால் முதலில் கரை. மலேசிய வழிகாட்டியின்படி 10 முதல் 20 மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்கு இருபுறமும் 20 மீட்டர் கரை நிலத்தைப் பயிரிடாமல் ஒதுக்க வேண்டும். அங்கே மரஞ்செடி அடர்ந்திருக்கட்டும். உரம், களைக்கொல்லி கூடாது. அடுத்தது மீன்பிடித் தடை. கெலா மெதுவாக வளரும். ஒரு பெரிய தாய்மீன் போனால் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். மலேசியாவின் சபா மாநிலத்து ‘தகால்’ முறையில் கிராமத்தாரே ஆற்றைக் காவல் காக்கிறார்கள். நம் தோட்டப் பட்டணங்களுக்கும் அது பொருந்தும்.

எந்தப் பண்ணைக் குஞ்சானாலும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அதே ஆற்றைச் சேர்ந்த பல தாய் தந்தை மீன்களின் குஞ்சாக இல்லாவிட்டால், எஞ்சிய மீன்களின் மரபணு வளமும் கெடும்.