சேற்றில் மிதப்பதெல்லாம் பிளாஸ்டிக் அல்ல

கேள்வி: மைக்ரோபிளாஸ்டிக்கை (நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களை) மாணவர்களுக்குக் காட்ட, பாலிக் புலாவ் அலையாத்திக் காட்டுச் சேற்றை உப்புநீரில் கரைத்தோம். இலைத் துணுக்குகள்தான் மிதந்தன. ஏன்?
– ஆசிரியை, புக்கிட் மெர்தாஜம்

பதில்: உப்பு போதாமல் இருந்திருக்கலாம். ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 360 கிராம் உப்பு வேண்டும். அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கினால்தான் கரைசலின் அடர்த்தி மில்லிக்கு 1.2 கிராம் அளவை எட்டும். கடலுப்பிலேயே பிளாஸ்டிக் துகள் உண்டு என்பதால் கரைசலை முதலில் வடிகட்டிவிடுங்கள். ஈரச்சேறு கரைசலை நீர்க்கச் செய்யும். 60 பாகைக்கு மேற்படாமல் உலர்த்துங்கள். 50 கிராம் சேற்றுக்கு 200 மில்லி கரைசல் ஊற்றி, கட்டிகள் உடையும்வரை கலக்கி, மூடி ஓர் இரவு வையுங்கள். களிமண் அவசரத்துக்குப் படியாது. பிறகு மேல்நீரை மட்டும் காபி வடிதாளில் வடியுங்கள்.

இலைத் துணுக்கு எப்படியும் மிதக்கும். உருப்பெருக்கியில் பார்த்தபடி சூடான ஊசியால் தொட்டால் பெரும்பாலான பிளாஸ்டிக் உருகும் அல்லது சுருளும், இலை கருகும். ஊசி உங்கள் கையில் இருக்கட்டும், மாணவர்களிடம் வேண்டாம்.

கரைசலைவிட அடர்த்தி குறைந்த பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், நைலான் மிதக்கும். பிவிசியும், தண்ணீர் போத்தல் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் அடர்த்தியில் 1.3க்கு மேல், அவை மூழ்கிவிடும். ஆகவே நீங்கள் எண்ணுவது குறைந்தபட்சமே. சேற்று ஜாடி திறந்திருக்கும்போதெல்லாம் பக்கத்தில் கரைசல் மட்டும் உள்ள இன்னொரு ஜாடியையும் திறந்து வையுங்கள். அதில் விழும் நூலிழைகள் உங்கள் உடைகளிலிருந்து வந்தவை, கணக்கில் கழித்துவிடுங்கள்.