மொத்த அப்டேட்டை ஃபாரின் கீ மறித்தால்: கேள்வி பதில்

ஜூரோங் தம்பி: அக்கா, உறுப்பினர் டேபிளில் ஐசி நம்பர்தான் (சிங்கப்பூர் அடையாள அட்டை எண்) பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் (ரோ) தனித்துக் காட்டும் காலம் (நெடுவரிசை). அதை எடுத்துவிட்டு உறுப்பினர் எண் போடச் சொல்கிறார்கள். அப்டேட் ஓட்டினால் ஆர்டர் டேபிளின் ஃபாரின் கீ (உறுப்பினர் டேபிளில் உள்ள கீயையே சுட்டவேண்டும் என்ற கட்டுப்பாடு) மறிக்கிறது. அந்தச் சோதனையை (செக்) அணைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. சட்டம் கேட்டாலோ, ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர நிறுவனங்கள் ஐசி நம்பரை வாங்கி வைக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, அதனால் மாற்றுவது சரிதான். ஆனால் இருக்கிற கீயின் மேலேயே எழுதாதீர்கள். உறுப்பினர் டேபிளில் புது காலம் சேர்த்து எண் நிரப்பி யூனிக் (ஒரே எண் இருமுறை வராதபடி) ஆக்குங்கள், ஆர்டர் டேபிளிலும் ஒரு காலம் சேர்த்து, ஐசி நம்பரை வைத்து இரு டேபிள்களையும் ஜாயின் செய்து (இணைத்து) ஐயாயிரம் ஐயாயிரம் வரிசைகளாக நிரப்புங்கள், எதுவும் நல் (வெற்று) ஆக நிற்கவில்லை என்று பார்த்தபின் புது ஃபாரின் கீயைப் போட்டு, அப்புறம் பழையதைக் கழற்றுங்கள். ஒரு நிமிடம்கூட டேட்டா காவலில்லாமல் இருக்காது.

உட்லண்ட்ஸிலிருந்து: மை எஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஃபாரின் கீ செக்கை 0 ஆக்கி லோட் செய்தேன், திரும்ப 1 ஆக்கியபோது எரர் வரவில்லை. எல்லாம் சரிதானே?

அப்படி நம்பிவிடாதீர்கள்! 1 ஆக்கினால் இனி வருவதைத்தான் சோதிக்கும், நடுவில் நுழைந்ததைத் திரும்பிப் பார்க்காது. பிள்ளை டேபிளிலிருந்து (ஃபாரின் கீ உள்ளது) தாய் டேபிளுக்கு (அது சுட்டுவது) லெஃப்ட் ஜாயின் போட்டு (பிள்ளையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு இணைத்து), தாயில்லாத வரிசைகளை இன்றைக்கே தேடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரிலும் இதே ஆபத்து உண்டு. அங்கே கன்ஸ்ட்ரெயின்டை (ஃபாரின் கீ போன்ற கட்டுப்பாட்டை) 'வித் செக்' சேர்த்து இயக்கினால்தான் பழைய வரிசைகளையும் பார்க்கும்.

செங்காங்கிலிருந்து: என்னுடையது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஊழியரும் அவருடைய மேலாளரும் ஒரே டேபிளில், ஃபாரின் கீயும் அதே டேபிளைத்தான் சுட்டுகிறது. யாரை முதலில் ஏற்றினாலும் இடிக்கிறது.

கன்ஸ்ட்ரெயின்டை டிஃபரபிள் (சோதனையைத் தள்ளிப்போடக் கூடியது) என்று மாற்றுங்கள், டிரான்சாக்‌ஷன் தொடங்கியதும் 'செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் டிஃபர்ட்' கொடுங்கள். கமிட் (முடித்துப் பதியும்) நேரத்தில்தான் சோதிக்கும், ஒன்று தவறினாலும் மொத்தமும் ரோல்பேக் ஆகும் (பழைய நிலைக்குத் திரும்பும்). எனக்கு மிகப் பிடித்த வசதி இது, மை எஸ்கியூஎல்லில் கிடையாது.

அதே நண்பர்: தாய் டேபிளில் பழைய வரிசைகளை அழிக்க மணிக்கணக்கில் ஆகிறதே?

பிள்ளை டேபிளின் ஃபாரின் கீ காலத்தில் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) இருக்கிறதா பாருங்கள். மை எஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தானே போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் போடாது. இல்லையென்றால் அழிக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் பிள்ளை டேபிள் முழுவதையும் அலசும்.