கோயில் பட்டியலைக் காணோமா? காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலின் உறுப்பினர் பட்டியலும் காவடிப் பதிவும் விண்டோஸ் மடிக்கணினியில், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்தன. லினக்ஸ் சர்வருக்கு மாற்றியதும் எங்கள் புரோகிராம் ‘மெம்பர்ஸ் டேபிள் (உறுப்பினர் அட்டவணை) இல்லை’ என்கிறது. டேட்டா கெட்டுவிட்டது, மீட்க 6,000 ரேண்ட் ஆகும் என்கிறார் மாற்றித் தந்தவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். டேபிள்களைப் பிரவுசரில் காட்டும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து இடப்பக்கம் பாருங்கள். மெம்பர்ஸ் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். சொடுக்கினால் கோவெண்டர், பிள்ளை, நாயுடு என்று வரிசையாக வருவார்கள். உங்கள் புரோகிராமோ பெரிய ‘எம்’ போட்ட மெம்பர்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மைஎஸ்க்யூஎல் டேபிளை டிஸ்க்கில் ஃபைலாக வைக்கிறது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் விண்டோஸுக்கு இல்லை, லினக்ஸுக்கு உண்டு. போதாக்குறைக்கு, விண்டோஸில் நீங்கள் எப்படி எழுதினாலும் மைஎஸ்க்யூஎல் வழக்கமாக டேபிள் பெயரைச் சின்ன எழுத்தாக்கித்தான் சேமிக்கும். ‘சின்ன எழுத்தில் ஒன்று இருக்கிறதே’ என்று சொல்ல இத்தனை வருஷத்தில் மைஎஸ்க்யூஎல்லுக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்தில்தான் ‘மீட்டுத் தருகிறேன்’ என்று காசு கேட்பவர்கள் பிழைக்கிறார்கள்.

புரோகிராமில் டேபிள் பெயர்களையெல்லாம் சின்ன எழுத்தாக்கச் சொல்லுங்கள், தீர்ந்தது. டேபிள் பெயரில் எழுத்துப் பேதம் பார்ப்பதா என்று முடிவு செய்யும் ‘லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ்’ என்ற செட்டிங்கை மாற்றித் தருகிறேன், தனிக் கட்டணம் என்று ஒருவர் வருவார். மைஎஸ்க்யூஎல் பதிப்பு 8 முதல் அதைச் சர்வரை முதன்முதலில் நிறுவும்போது மட்டுமே வைக்க முடியும். ஒரே சர்வரைப் பலர் பங்கிடும் ஹோஸ்டிங்கில் அது உங்கள் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை.

டேபிளுக்குள் இருக்கும் காலம் (column, நெடுவரிசை) பெயர்களில் எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு இடம் காலை வாரும். உறுப்பினரையும் காவடிப் பதிவையும் இணைக்கும் பக்கத்தில் மெம்பர்ஸுக்கு ‘எம்’ என்று சுருக்கப் பெயர் வைத்திருப்பார்கள். வைக்கும்போது பெரிய எம், இரண்டு வரி தள்ளி அழைக்கும்போது சின்ன எம். விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸில் ‘அன்நோன் காலம்’ என்று நிற்கும். உடனே எல்லாரும் காலத்தைத் தேட ஓடுவார்கள். காலம் இருந்த இடத்தில்தான் இருக்கும். சுருக்கப் பெயரைப் பாருங்கள், இரண்டு இடத்திலும் ஒரே எழுத்தாக இருக்கட்டும்.

அதுவரை பழைய மடிக்கணினியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். சர்வரில் டேபிளே இல்லையென்றால் அதிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.