டயானாவைத் தெரிந்த ஊருக்கு ஹரால்டைத் தெரியாதது ஏன்?

தம்பி, ஒஸ்லோவுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் அரச குடும்பக் கதை எடுத்தால் வாய் திறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் டயானாவைத் தெரியும், நோர்வேயில் அரசர் இருப்பதே வந்த பிறகுதான் தெரிந்தது, ஏன் இப்படி என்றும் கேட்டிருந்தீர்கள்.

அதிகாரம் கூடினால் புகழும் கூடும் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் நிறைய அதிகாரம் வைத்திருப்பது லிக்டன்ஸ்டைன் என்கிற குட்டி நாட்டின் இளவரசர் குடும்பம். அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பலாம், சட்டத்தை மறிக்கலாம். 2003 இல் சனமே வாக்குப் போட்டு அந்த அதிகாரத்தைக் கூட்டிக் கொடுத்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா? சரி, இரத்த உறவா என்றால் அதுவும் சரிவராது. எங்கள் நோர்வே அரசர் ஹரால்டும் மறைந்த எலிசபெத் அரசியும் பிரித்தானிய அரசர் ஏழாம் எட்வர்டின் பூட்டப்பிள்ளைகள். ஹரால்டின் அப்பம்மா மௌட் லண்டனில் பிறந்தவர்.

ஆனால் லண்டன் குடும்பத்துக்குப் பின்னால் ஒரு சாம்ராச்சியம் இருந்தது. 1972 இல் குடியரசாகும்வரை இலங்கைக்கும் எலிசபெத்தான் அரசி. எங்கள் அம்மாக்கள் அவருடைய தலை போட்ட முத்திரையை ஒட்டிக் கடிதம் போட்டவர்கள். இன்றைக்கும் பிரித்தானியாவோடு சேர்த்து 15 நாடுகளுக்குச் சார்ள்ஸ்தான் அரசர். அதற்கு மேல் ஆங்கிலம். லண்டன் பத்திரிகை காலையில் ஒரு வதந்தியைப் போட்டால் பின்னேரம் கொழும்பிலும் சிட்னியிலும் அதையே கதைப்பார்கள். நோர்வேஜிய மொழியில் வருகிற வதந்தி சுவீடன் எல்லையைத் தாண்டவே கஷ்டப்படும்.

அப்புறம், பார்க்க என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் அரசரின் தலையில் கிரீடம் வைத்து முடிசூட்டுவது இப்போது பிரித்தானியாவில் மட்டும்தான். 2023 மே மாதம் தங்க வண்டியோடு நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நோர்வேயில் 1906 இல்தான் கடைசியாக முடிசூட்டினார்கள். இரண்டு வருடத்தில் அந்தச் சடங்கை அரசியலமைப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஹரால்டுக்கு 1991 இல் நடந்தது துரொண்ஹைம் நகரத் தேவாலயத்தில் ஒரு ஆசீர்வாத வழிபாடு. தொலைக்காட்சிக்காரனுக்கு அதில் என்ன கிடைக்கும்?

என்னைக் கேட்டால், இவர்கள் அடக்கமாக இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. இது கேட்டு வாங்கிய அரச குடும்பம். 1905 இல் சுவீடனிடமிருந்து பிரிந்ததும் ஒரு டென்மார்க் இளவரசரைக் கூப்பிட்டார்கள், அவர்தான் ஹரால்டின் அப்பப்பா. சனத்துக்கு அரசர் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள், பிறகு வருகிறேன் என்றார் அவர். வாக்கெடுப்பில் ஐந்தில் நாலு பேர் ஆம் என்றார்கள். வாக்கால் வந்த கதிரை வாக்கால் போகவும் கூடும் என்பது அந்தக் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். 1973 எண்ணெய் நெருக்கடியில் வார இறுதிகளில் கார் ஓட்டத் தடை போட்டபோது, ஹரால்டின் அப்பா அரசர் ஊலாவ் பனிச்சறுக்கு உடுப்போடு ஹொல்மன்கொலன் ரயிலில் ஏறினார். ரிக்கட்டுக்குக் காசை நீட்டுகிற படத்தை இங்கே யாரிடம் கேட்டாலும் தெரியும். அரண்மனையைச் சுற்றியுள்ள பூங்காவுக்கும் பூட்டுக் கிடையாது, சுவர்வரைக்கும் நடந்து போகலாம்.

ஒழுங்காக இருக்கிற குடும்பத்தைப் பற்றி யார் கதைப்பார்கள்? ஊரிலும் அப்படித்தானே. கலியாணமும் சண்டையும் வந்தால்தான் வெளிநாட்டுக் கமராக்கள் வரும். 2024 இல் ஹரால்டின் மகள் இளவரசி மார்த்தா லூயிஸ், தன்னை ஷாமன், அதாவது ஆவிகளோடு பேசுகிற வைத்தியர், என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்கரைக் கெய்ராங்கர் என்கிற நோர்வே ஊரில் மணமுடித்தபோது வந்தன. அந்த நேரம் இங்கத்தைய சனத்தில் பலர் முகம் சுளித்தார்கள்.

நல்ல காரணத்துக்காகவும் ஒருமுறை உலகம் ஹரால்டைத் திரும்பிப் பார்த்தது. 2016 செப்டெம்பரில் அரண்மனைப் பூங்காவில் பேசும்போது, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், போலந்து, சோமாலியா, சிரியாவிலிருந்து வந்தவர்களும் நோர்வேக்காரர்கள்தான் என்றார். தன்னுடைய அப்பப்பாவும் அப்பம்மாவும் வந்தேறிகள்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எங்கள் இலங்கையைப் பெயர் சொல்லவில்லை என்று எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், போகட்டும்.

வேலையிடத்தில் பயப்படாமல் கதையுங்கள். முடியாட்சி வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அதை ஒழிக்கும் பிரேரணை பாராளுமன்றத்துக்கு அடிக்கடி வரும், ஒவ்வொரு முறையும் தோற்கும். அரசியார் சோன்யா துணிக்கடைக்காரரின் மகள், அவரைக் கட்ட ஹரால்ட் ஒன்பது வருடம் காத்திருந்து 1968 இல் கட்டினார் என்பதை எடுத்துவிடுங்கள், மேசையில் மிச்சக் கதையை அவர்களே சொல்லுவார்கள். நோர்வேயின் தேசிய தினமான மே 17 அன்று பாடசாலைப் பிள்ளைகளின் ஊர்வலம் அரண்மனைக்கு முன்னால் போகும். மாடியில் அரசர் தொப்பியைத் தூக்கித் தூக்கி நிற்பார், எங்கள் பிள்ளைகளும் கொடியோடு நடப்பார்கள். அரண்மனைக்குப் போகிற கார்ல் யோகான் வீதியில் ஒன்பது மணிக்கே இடம் பிடியுங்கள். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரித்தான் உடுத்தி வருவார்கள்.