ஏற்காட்டுக்குக் கேம்பர் வேனில் போகும்போது தண்ணீரையும் கழிவறைக் கழிவையும் கையாள்வது எப்படி?

உள்ளேயே படுத்து, சமைத்து, கழிவறையும் பயன்படுத்தக்கூடிய கேம்பர் வேனைச் சேலத்தில் வாடகைக்கு எடுத்து, நான்கு பேர் ஏற்காட்டில் இரண்டு இரவு தங்கினால் இவ்விரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் எளிது. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ எடை என்பதால், தொட்டியை நிரப்பிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதைவிட, குறைவாக எடுத்துச் சென்று மேலே தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்வது நல்லது. குடிநீருக்குத் தனிக் கேன் வேண்டும்.

கவனம் தேவைப்படுவது கழிவறைக்குத்தான். இத்தகைய வேன்களில் பரவலாக இருக்கும் கேசட் பெட்டி (கழிவறைக்கு அடியில் கழிவு சேரும், வெளியே கழற்றி எடுக்கக்கூடிய பெட்டி) சுமார் 20 லிட்டர் மட்டுமே கொள்ளும் என்பதால், நான்கு பேருக்கு அது இரண்டாம் நாளே நிறைந்துவிடும். செப்டிக் டேங்க் உள்ள விடுதியில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அங்குள்ள கழிவறைக் கோப்பையில் அதைக் காலி செய்யுங்கள். ஊற்றும்போது பெட்டியின் காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால், உள்ளிருப்பது குபுக் குபுக்கென்று தெறிக்கும்; ஒருமுறை என் வேட்டி அதற்குச் சாட்சியானது. பிறகு இருமுறை அலசுங்கள். நாற்றத்தைக் கட்டுப்படுத்தப் பெட்டிக்குள் ஊற்றும் திரவத்திலும் கவனம் வேண்டும்: ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் கலந்த திரவம் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடுவதால், நொதி வகைத் திரவத்தையே கேட்டு வாங்குங்கள்.

பாத்திரம் கழுவிய நீரைக்கூடக் காப்பித் தோட்டச் சரிவில் திறந்துவிடாதீர்கள். அது கீழேயுள்ள ஓடைக்கோ கிணற்றுக்கோ போய்ச் சேரக்கூடும். இறங்குவதற்கு முன்பே பெட்டியைக் காலி செய்துவிடுங்கள், ஏனெனில் வளைவுகளில் குலுங்கும் நிறைந்த பெட்டி மூடி வழியே கசியலாம்.