வாட் வேறு, ஆம்பியர் வேறு: மின்பொருள் சோதனை பற்றிக் கேள்வி பதில்

மின்பொருள் சோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது ராமநாதபுரத்தில் வசிக்கும் பொறியாளர் பதில் அளிக்கிறார். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

தங்கச்சிமடம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: ரிமோட்டில் அணைத்த டி.வி.யை எலெக்ட்ரீசியன் டாங் டெஸ்டரில் (தாடையால் வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) அளந்தார். 34 மில்லி ஆம்பியர் வந்தது. 230 வோல்ட்டால் பெருக்கி, சும்மா இருக்கும்போதே 8 வாட் தின்கிறது என்கிறார். டி.வி. பெட்டியிலோ 0.5 வாட்டுக்கும் குறைவு என்று அச்சிட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

ஐயா, அளவும் சரி, அச்சிட்டதும் சரி. பெருக்கியதுதான் தவறு.

மின்சாரம் டி.வி.க்குள் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஒரு கண்டன்சர் (மின்னூட்டத்தைத் தேக்கும் உறுப்பு) உண்டு. ரிமோட்டில் அணைத்தாலும் அது லைனிலேயே இருக்கும். 0.47 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் இழுப்பது சரியாக அந்த 34 மில்லி ஆம்பியர்தான். ஆனால் அது வாங்கிய ஆற்றலை அடுத்த கணமே லைனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். நீங்கள் பெருக்கிக் கண்டது 7.8 வோல்ட்-ஆம்பியர். வாட் கணக்கில் அது 0.3 ஆகவும் இருக்கலாம். உங்கள் வீட்டு மீட்டர் காசு கேட்பது வாட்டுக்கு மட்டும்.

இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைப் பிடிக்க உங்கள் எலெக்ட்ரீசியன் வயரைத் தாடைக்குள் பத்துச் சுற்றுச் சுற்றி அளந்திருப்பார் என்று நினைக்கிறேன். கைக்காரர்தான். ஆனாலும் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி வாட் என்று சொல்லாதீர்கள். ஹீட்டருக்கும் குண்டு பல்புக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். எலெக்ட்ரானிக் பொருள் எதற்கும் பொருந்தாது.

கீழக்கரை, வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர்: வளைகுடாவிலிருந்து வரும் பொருள்களில் 'ஸ்டாண்ட்பை 0.5 வாட்' என்று இருக்கிறது. இது எந்தக் கணக்கு? எப்படி அளக்கிறார்கள்?

காக்கா (அண்ணா), நல்ல கேள்வி. அணைந்த நிலையில் எந்தப் பொருளும் 1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற யோசனையைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் அதைச் சட்டமாக்கி 2010 முதல் நடைமுறைப்படுத்தியது; 2013 முதல் அரை வாட்டாக இறுக்கியது. நேரம் போன்ற விவரம் காட்டும் திரை இருந்தால் 1 வாட் என்று விட்டிருந்த சலுகையும் 2025 மே முதல் 0.8 ஆகிவிட்டது.

அளக்கும் முறைக்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 62301 என்ற தரநிலை இருக்கிறது. அறை வெப்பம் 18 முதல் 28 டிகிரி. வோல்டேஜ் ஒரு சதவீதத்துக்கு மேல் ஆடக் கூடாது. அலையில் கலந்திருக்கும் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் கூடுதல் அலைகள்) 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ராமநாதபுரத்தில் எந்தத் தெருவின் பிளக்கிலும் இது கிடைக்காது. அதனால்தான் கூடத்தில் தனி மின்மூலம் வைக்கிறார்கள். இன்னொன்று: பொருளை அணைத்த உடனே வரும் எண்ணைக் குறித்துக்கொள்ள முடியாது. சில டி.வி.க்கள் அணைத்த பிறகும் சற்று நேரம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். எனவே குறைந்தது கால் மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்து, அளவு நிலைத்ததா என்று பார்ப்பார்கள்.

அளக்கும் கருவியே திருடும் ஆபத்தும் உண்டு. வோல்ட்மீட்டரின் உள்தடை 1 மெகா ஓம் என்றால் அதுவே 0.05 வாட் எடுக்கும். 20 வாட் பல்பில் அது தூசு. 0.3 வாட் அளக்கும்போது ஆறில் ஒரு பங்கு. அதனால் அதை எந்தப் பக்கம் இணைக்கிறோம் என்பதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

தேவிபட்டினம், கல்லூரி மாணவர்: செட்டாப் பெட்டியை அணைக்காமல் விட்டால் எவ்வளவு ஆகும்?

தம்பி, ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள் விளக்கை மட்டும்தான் அணைக்கின்றன. 10 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 14.4 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்று இருந்துவிடாதீர்கள். 500 யூனிட் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு இந்தப் 14 வலிக்கும். அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறுகிறது. சுவிட்சில் அணையுங்கள்.

ஏர்வாடி, இல்லத்தரசி: டி.வி. அணைந்திருக்கும்போது 0.04 ஆம்பியர் காட்டுகிறது. எத்தனை வாட்?

முதல் பதில், அம்மா.

உச்சிப்புளி, மகளிர் சுய உதவிக் குழு: எல்.இ.டி. பல்பு கோத்து விற்கிறோம். என்னென்ன சோதனை வேண்டும்? ஹார்மோனிக்ஸ் எல்லை என்ன? நாங்களே செய்துகொள்ளலாமா?

அக்கா, விற்பனைக்கு வரும் எல்.இ.டி. பல்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு வேண்டும். ஐ.எஸ். 16102 முதல் பகுதி பாதுகாப்பு, இரண்டாம் பகுதி செயல்திறன். பதிவுக்கான சோதனையை அமைவனம் ஏற்ற கூடத்தில்தான் செய்ய முடியும்.

நீங்களே பார்க்கக் கூடியது ஒன்று உண்டு. டிரைவர் போர்டை (எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் சுற்றுப் பலகை) திருப்பிப் பாருங்கள். சுருளும் ஐ.சி.யும் இல்லாமல், ஒரு பெரிய கண்டன்சர், நான்கு டயோடு, ஒன்றிரண்டு ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். விலை மலிவு, பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் வாட்டின் பங்கு) பரிதாபம். அதைவிட, சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் போட்டால் கண்டன்சர் வழியாக மின்னோட்டம் எகிறி எல்.இ.டி. கருகும். வாடிக்கையாளர் உங்களைத்தான் திட்டுவார்.

ஹார்மோனிக்ஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஐ.இ.சி. 61000-3-2 என்ற தரநிலை சிறிய விளக்குகளுக்குத் தரும் வழிகளில் ஒன்று, மூன்றாம் ஹார்மோனிக் அடிப்படை மின்னோட்டத்தில் 86 சதவீதத்தையும் ஐந்தாவது 61 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது. தாராளமான எல்லைதான். அதிலும் தோற்கும் போர்டுகள் உண்டு. ஜெனரேட்டரிலோ தெரு லைனிலோ வைத்து இதை அளந்து "பாஸ்" என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மூலத்தின் மூன்றாம் ஹார்மோனிக்கே 0.9 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அந்தத் தரநிலை கேட்கிறது.

தொண்டி, மளிகைக் கடைக்காரர்: சந்தையில் 'மின் சேமிப்பான்' என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். பிளக்கில் செருகினால் பில் பாதி குறையுமாம். டாங் டெஸ்டர் வைத்தே காட்டினார்கள். 5 ஆம்பியர் 3 ஆனது.

ஆனதை நான் மறுக்கவில்லை. பெட்டிக்குள் இருப்பது ஒரு கண்டன்சரும் பச்சை விளக்கும். மோட்டார் எடுக்கும் காந்த மின்னோட்டத்தை அது ஈடு செய்வதால் ஆம்பியர் குறையும். வாட் குறையாது. வீட்டுக்குப் பில் வாட்டில். வேண்டாம்.

ஆர்.எஸ். மங்கலம், அந்தப் பெட்டியை விற்பவர்: பார்க்காமலே பேசுகிறீர்கள். வாங்கியவர்கள் பில் குறைந்ததாகச் சொல்கிறார்களே?

வாங்கிய கையோடு விளக்கையும் ஃபேனையும் கவனமாக அணைக்க ஆரம்பித்திருப்பார்கள். வாட் மீட்டர் ஒன்றை வையுங்கள். வேறு எதையும் தொடாமல் பெட்டியைச் செருகி எடுங்கள். குறைந்தால் நானே வந்து ஒன்று வாங்குகிறேன்.

மண்டபம், ஐஸ் பிளான்ட் உரிமையாளர்: நீங்கள் சொல்வது பாதிதான் உண்மை. கண்டன்சர் பேங்க் போட்ட பிறகு எங்கள் பில் உண்மையிலேயே குறைந்தது.

அண்ணாச்சி, குறைந்திருக்கும். உங்களுடையது தொழிற்சாலை இணைப்பு. பவர் ஃபேக்டர் குறைந்தால் உங்களுக்கு அபராதம் உண்டு. கண்டன்சர் அந்த அபராதத்தை நீக்கியது. தொண்டிக்காரர் வீட்டில் அந்த அபராதமே கிடையாது. மருந்து நல்ல மருந்துதான், அவருக்கு அந்த நோய் இல்லை.

ஆர்.எஸ். மங்கலம், மீண்டும்: அப்படியென்றால் ஆம்பியர் குறைந்தால் வயர் சூடு குறையும், இழப்பும் குறையும் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

ஒப்புக்கொள்கிறேன், பெட்டியை மோட்டாரின் பக்கத்திலேயே வைத்தால். மீட்டருக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினால் வீட்டு வயரில் ஓடும் மின்னோட்டம் அப்படியேதான் ஓடும். மிச்சமாவது தெருக் கம்பியின் இழப்பு; அது மின்வாரியத்துக்கு லாபம். வாரியத்துக்கு நன்கொடை கொடுக்க விரும்புகிறவர்கள் வாங்கலாம்.

உப்பூர், இறால் பண்ணையாளர்: ஏரேட்டர் மோட்டார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் மாட்டினேன். ஏற்கெனவே இருந்த கண்டன்சர்கள் உப்பி வெடிக்கின்றன. அதுவும் போலியா?

இல்லை, இது இந்தச் சண்டையில் வந்த உருப்படியான கேள்வி. டிரைவ் ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக்ஸைக் கக்குகிறது. கண்டன்சரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து அந்த அதிர்வெண்ணுக்கு அருகே ஒத்ததிர்ந்தால் மின்னோட்டம் பல மடங்காகும், கண்டன்சர் வேகும். கண்டன்சரோடு தொடராக 7 சதவீத ரியாக்டர் (கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள். ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஐந்தாவது ஹார்மோனிக் 250 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே நிற்கும். பழைய கண்டன்சரையே வைத்துக்கொள்ளாதீர்கள். ரியாக்டர் சேர்ந்தால் கண்டன்சர் மேல் வோல்டேஜ் கூடும். 440 போதாது, அதற்கு மேல் தாங்குவதாகக் கேளுங்கள். டிரைவ் வழியாக ஓடும் மோட்டாரின் முனையில் கண்டன்சர் வைக்கவே கூடாது. முதலில் அதைக் கழற்றுங்கள்.

ராமேஸ்வரம், விடுதி மேலாளர்: மின் சேமிப்பான் பெட்டி பற்றி ஒரு சந்தேகம்...

மேலே நான்கு பதில் இருக்கிறது.

பாம்பன், மீனவர்: பக்கத்து ஐஸ் பிளான்ட் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் விளக்கு மங்கி மங்கி எரிகிறது. சில நேரம் திடீரென்று பிரகாசமாகவும் ஆகிறது. பல்பில் குறையா?

மங்குவது மோட்டார் தொடக்க மின்னோட்டத்தால். ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிரகாசமாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். உப்புக் காற்றில் கம்ப இணைப்புகள் அரித்து நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய வீட்டில் 400 வரை ஏறும். இன்றே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அதுவரை டி.வி., ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

சாயல்குடி, வீட்டு உரிமையாளர்: கமுதி சூரிய மின் நிலையத்தால் எங்கள் வீட்டுப் பொருள்கள் கெடுகின்றனவா?

அந்த 648 மெகாவாட் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையத்துக்குப் போகிறது, உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு அல்ல. மற்றபடி மின்கட்டமைப்பு என் துறை இல்லை.

மண்டபம் முகாம், புதுக் குடித்தனக்காரர்: சுவிட்சை அணைத்தும் எல்.இ.டி. மங்கலாக மின்னுகிறது.

சுவிட்சில் சிவப்பு நியான் விளக்கு இருந்தால் அதன் வழியே கசிவது. அது இல்லையென்றால் சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருக்கலாம். அப்படியானால் பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். உடனே பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

கீழக்கரை, முன்பு கேட்டவர்: சோதனைச் சான்றிதழ் உண்மையா என்று கடைக்காரன் எப்படிப் பார்ப்பது?

காக்கா, சான்றிதழில் இருக்கும் மாடல் எண்ணும் பொருளில் இருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். "அதே வகைதான்" என்பார்கள், கேட்காதீர்கள். கூடத்துக்கு என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்தச் சோதனை அவர்களுடைய அங்கீகார எல்லைக்குள் வருகிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். அறிக்கையில் சோதித்த வோல்டேஜ் என்ன என்பதைக் கடைசியாகப் பாருங்கள். 115 வோல்ட்டில் அளந்த ஸ்டாண்ட்பை எண்ணை நம் 230க்கு ஒட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.